நெபுலியம்: இல்லாத மூலகத்தின் கதை

1864 இல் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு நெபுலாவின் ஒளியை நிறமாலைமானியால் பிரித்துப் பார்த்தார். வானவில் தெரியவில்லை, சில தனிக் கோடுகளே தெரிந்தன. அது விண்மீன் கூட்டமன்று, ஒளிரும் வாயு என்பது அன்று தெளிவாயிற்று. இனந்தெரியாத பச்சைக் கோடுகளுக்காக 'நெபுலியம்' என்ற மூலகத்தையே பின்னர் கற்பனை செய்தனர். அவை இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனின் கோடுகள் என்று 1927 இல் ஐரா போவன் நிறுவினார்.

இன்றைய குறும்பட்டை வடிகட்டிகள் இத்தகைய கோடுகளை மட்டுமே உள்ளே விடுகின்றன: ஒட்சிசனுக்கு 500.7, ஐதரசனுக்கு 656.3 நனோமீற்றர். ஆகவே கண்டி நகரின் வெளிச்சம் பரவும் கட்டுகஸ்தோட்டை வானத்திலும் ஓரியன் நெபுலாவைப் படம் பிடிக்க இயலும்.

1995 இல் ஹபிள் எடுத்த கழுகு நெபுலாப் படத்தில் ஐதரசனின் சிவப்பொளிக்குப் பச்சை நிறம் கொடுத்தனர். அது பொய்ப்படமா? செய்தித்தாளிலேயே காலங்கழித்த நான் அப்படிச் சொல்லமாட்டேன். எந்த நிறம் எந்த வாயு என்று வாசகனுக்குச் சொல்லிவிட்டால் அது வரைபடம். மறைத்தால்தான் பொய்.