என் மாடி, என் வெயில், யார் அனுமதி?

போன சித்திரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டோம். பேனலைத் தூக்கி மாட்ட இரண்டு நாள். பேப்பர் வேலைக்கு இரண்டு மாதம். கனெக்‌ஷன் நம்பர், வீட்டு வரி ரசீது, அனுமதிக்கப்பட்ட மின்பளு, இன்வர்ட்டருக்கான சோதனைச் சான்று, எர்த்திங் விவரம், ஒப்பந்தப் பத்திரம், கடைசியாக இருவழி மீட்டர். நடுவில் நான் பொறுமை இழந்து புலம்பிய ஒரு நாள், மாட்ட வந்த பையன் மெதுவாகச் சொன்னான்: "சார், இப்பவே லைன்ல குடுத்துடலாம். பேப்பர் வரும்போது வரட்டும்."

உண்மையைச் சொன்னால் எனக்கும் சபலம்தான். என் மாடி, என் வெயில், என் காசு. இதில் யாருடைய அனுமதி எனக்கு எதற்கு? ஆனால் நமக்கு ஒரு வியாதி உண்டே, எதையும் அது எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்ப்பது. ராத்திரிகளில் பழைய மின்சாரச் சட்டங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குப் புரிந்தது இதுதான்: 'அனுமதி' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. கரண்ட் தயாரிக்க உனக்கு உரிமை உண்டா என்பது ஒன்று. நீ அனுப்பும் கரண்ட் யாரையாவது கொல்லுமா என்பது இன்னொன்று.

முதல் கேள்வி: உரிமை

1910-ஆம் வருட இந்திய மின்சாரச் சட்டம் லைசென்ஸ் அடிப்படையிலானது. ஓர் ஊருக்கு அல்லது பகுதிக்கு ஒரு கம்பெனி லைசென்ஸ் வாங்கும், தெருவைத் தோண்டும், கம்பி இழுக்கும். லைசென்ஸ் இல்லாதவர் மின்சாரம் விற்கும் தொழில் செய்ய வேண்டுமானால் அரசின் முன் அனுமதி வேண்டும்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948 சட்டம் இன்னும் இறுக்கிப் பிடித்தது. மாநிலத்துக்கு ஒரு மின்வாரியம் என்ற ஏற்பாடு அதில்தான் வந்தது (நம் மாநிலத்தில் 1957 ஜூலை 1 முதல்). அதன் 44-ஆவது பிரிவின்படி, வாரியத்தின் எழுத்துபூர்வமான முன் சம்மதம் இல்லாமல் தனியார் யாரும் புதிதாக மின்நிலையம் அமைக்கக் கூடாது. அன்றைய நிலையில் இதில் நியாயம் இருந்தது. நாட்டில் பணம் குறைவு, கிராமங்களுக்குக் கம்பி போகவில்லை, இருப்பதை ஒருவர் திட்டமிட்டுச் செய்யட்டும் என்று நினைத்தார்கள். மொட்டை மாடியில் ஒருவர் மின்நிலையம் வைப்பார் என்று 1948-ல் யார் கண்டது?

இந்தக் கேள்விக்கு முதலில் பதில் கேட்டவர்களும் மாடிக்காரர்கள்தான். ஆனால் நியூயார்க்கில். ஈஸ்ட் 11-ஆம் தெரு, கதவு எண் 519. பாழடைந்து கிடந்த கட்டடத்தைக் குடியிருப்பவர்களே உழைத்துச் சரிசெய்து, 1976-ல் அதன் மாடியில் 2 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுத்தினார்கள். சோலார் இல்லை, காற்றுதான். ஆனால் சிக்கல் அதேதான். மிச்சமான கரண்டைத் தெருக் கம்பிக்குள் அனுப்பப் பார்த்தார்கள். கான் எடிசன் கம்பெனி எதிர்த்தது. முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்சே கிளார்க் குடியிருப்பவர்கள் பக்கம் நின்றார். கடைசியில் இணைப்பு கிடைத்தது. 1978-ல் அமெரிக்கா கொண்டுவந்த 'பர்ப்பா' சட்டம், தகுதியுள்ள சிறு உற்பத்தியாளர்களை இணைத்துக்கொண்டு அவர்களுடைய மின்சாரத்தை வாங்கவும் வேண்டும் என்று கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது.

நம் நாட்டில் இந்த மாற்றம் 2003 மின்சாரச் சட்டத்தில் வந்தது. 7-ஆவது பிரிவு, மின் உற்பத்திக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறது. 9-ஆவது பிரிவு, சொந்தத் தேவைக்கு யாரும் மின்நிலையம் அமைக்கலாம் என்கிறது. ஆனால் 7-ஆவது பிரிவில் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது: கிரிட்டோடு இணைப்பதற்கான தொழில்நுட்பத் தரங்களுக்கு உட்பட வேண்டும். அதாவது முதல் கேள்வியை மூடிவிட்டு, இரண்டாவதை மட்டும் திறந்து வைத்தார்கள்.

இரண்டாம் கேள்வி: கம்பத்தில் இருப்பவர்

என் சித்தப்பா லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். பையன் சொன்ன யோசனையை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "2012 ஞாபகம் இருக்காடா?" என்றார்.

மறக்க முடியுமா. சென்னைக்கு வெளியே பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாத வருடம். கடைக்குக் கடை ஜெனரேட்டர். அப்படி ஒரு கடையில் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைக்காமல் ஜெனரேட்டரை நேராக வீட்டு லைனில் சொருகியிருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் சித்தப்பாவோடு வேலை செய்தவர் கம்பத்தில் ஏறினார். கரண்ட் மேலே இருந்து வரவில்லை, கீழே கடையிலிருந்து வந்தது. தூக்கி எறிந்ததில் இடுப்பு உடைந்து, பிறகு அவர் கம்பமே ஏறவில்லை.

"நாங்க ஃபியூஸை நம்பி ஏறுறோம். நீ உன் மாடியில எனக்குத் தெரியாம ஒரு ஃபியூஸ் வச்சிருந்தா நான் எதை நம்புறது?" என்று கேட்டார் சித்தப்பா.

டிரான்ஸ்ஃபார்மருக்குத் திசை தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 11,000 வோல்ட்டைக் குறைத்து வீட்டுக்குத் தரும் அதே பெட்டி, வீட்டுப் பக்கமிருந்து கரண்ட் வந்தால் அதை ஏற்றி மேல் லைனுக்கு அனுப்பும்.

இதற்குத்தான் 'ஐலேண்டிங்' தடுப்பு. கிரிட் செத்தபின் ஒரு சிறு பகுதி மட்டும் சோலார் தயவில் தனித் தீவு போல உயிரோடிருப்பதுதான் ஐலேண்டிங். மத்திய மின்சார ஆணையம் 2013-ல் கொண்டுவந்த விதிகளின்படி, அப்படித் தீவு உண்டானால் 2 வினாடிக்குள் சோலார் கரண்ட் அனுப்புவதை நிறுத்த வேண்டும். "கரண்ட் போனா சோலாரும் போயிடுமாமே, அப்புறம் எதுக்கு?" என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண சோலாரில் அது குறையல்ல, வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. பேப்பரில் கேட்கும் இன்வர்ட்டர் சோதனைச் சான்று இதற்குத்தான்.

நடுவில் மீட்டர்

பழைய மீட்டரில் ஒரு அலுமினியத் தட்டு சுற்றும். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஸ்டீவன் ஸ்ட்ராங் என்பவர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சோலார் அமைத்தபோது, வெயில் நேரத்தில் அந்தத் தட்டு பின்பக்கமாகச் சுற்றியது. நெட் மீட்டரிங் அங்கேதான் தொடங்கியது என்பார்கள். மினசோட்டா மாநிலம் 1983-ல் அதைச் சட்டமாக்கியது.

தமிழ்நாட்டில் 2012 அக்டோபரில் சூரிய சக்திக் கொள்கை வந்தது. நெட் மீட்டரிங் ஆணையை ஒழுங்குமுறை ஆணையம் 2013 நவம்பரில் வெளியிட்டது. ஆனால் அதற்குள் வீடுகளில் எலக்ட்ரானிக் மீட்டர்கள் வந்துவிட்டன. அவற்றில் பல, திருட்டைத் தடுக்க, கரண்ட் எந்தத் திசையில் போனாலும் யூனிட்டை முன்னோக்கியே ஏற்றும். பையன் பேச்சைக் கேட்டு இருவழி மீட்டர் வருவதற்கு முன்பே இணைத்திருந்தால், நான் கொடுத்த கரண்டுக்கு நானே பில் கட்டியிருக்கக் கூடும்!

சரி, என் ஃபைலுக்கு வருவோம்

இப்போது அந்தப் பேப்பர்களை மறுபடி பார்த்தேன். இன்வர்ட்டர் சான்றும் எர்த்திங்கும் கம்பத்தில் இருப்பவருக்காக. மீட்டர் கணக்குக்காக. மற்றதில் பாதி, முதல் கேள்வி உயிரோடிருந்த காலத்தின் பழக்கம். இதை அரசே ஒருவகையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. நுகர்வோர் உரிமை விதிகளில் 2024-ல் வந்த திருத்தப்படி, 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு இல்லாமலே விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும். மின்பளுவை உயர்த்த வேண்டியிருந்தால் விநியோக நிறுவனமே உயர்த்திக்கொள்ள வேண்டும். என் ஃபைல் அந்த மின்பளு வரியில்தான் ஆறு வாரம் நின்றது. விதியை அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டியபின்தான் நகர்ந்தது.

ஆக, எல்லாவற்றையும் 'ரெட் டேப்' என்று திட்டினால், சித்தப்பாவின் நண்பரை மறந்துவிடுகிறோம். எல்லாவற்றையும் 'பாதுகாப்பு' என்று சகித்துக்கொண்டால், 1948-ஐ நாமே தோளில் சுமக்கிறோம். ஒவ்வொரு பேப்பரிடமும் நீ எந்தக் கேள்விக்குப் பதில் என்று கேட்டுவிட வேண்டியதுதான்.

மீட்டர் மாட்டிய அன்று சித்தப்பாவையும் கூப்பிட்டிருந்தேன். நல்ல உச்சி வெயில். மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணச் சொன்னார். இன்வர்ட்டர் உடனே நின்றது. நீங்களும் சோலார் போட்டால், மாட்டுபவர் கிளம்புவதற்குள் இந்த ஒரு சோதனையைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.