வட்டக் குடையும் சதுரக் குடையும்

என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு கேள்வி போட்டார். "விழாக்களில் வானத்திலிருந்து குதிக்கிறவர்கள் எல்லாம் சதுரமான கலர்க் குடையில் வந்து, சொன்ன இடத்தில் நிற்கிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் குதிக்கிற படத்தைப் பார்த்தால் இன்னும் அதே பழைய வட்டக் குடை. பழசையே கட்டிக்கொண்டு அழுகிறார்களே அண்ணாச்சி?" எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். இதோ.

நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஒரு சாமான் வாங்க ஒப்பீட்டுப் பட்டியல் போடுவோம். என்ன வேலைக்கு என்று எழுதாமல் விலையையும் தரத்தையும் மட்டும் எழுதினால் கோப்பு திரும்பி வந்துவிடும். பாராசூட்டையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

முதலில் பெயர். தகப்பனாரின் உத்தியோகத்தால் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அந்த மொழியில் 'பாரசோல்' என்றால் வெயிலைத் தடுப்பது, 'பாரப்ளூயி' மழையைத் தடுப்பது, 'பாரதொனேர்' நம்முடைய இடிதாங்கி. 'ஷூத்' என்றால் விழுதல். ஆக, பாராசூட் என்றால் விழுதலைத் தடுப்பது. 1783-ல் மோன்பெலியே நகரத்துக் கோபுரத்திலிருந்து குதித்துக் காட்டிய லெனோர்மான் வைத்த பெயர் இது. பெயரில் விழுவதைத் தடுப்பது மட்டும்தான் இருக்கிறது. பறப்பது என்று எதுவும் இல்லை.

வட்டக் குடை செய்வதும் அதைத்தான். காற்றைப் பிடித்து நிறுத்தி வேகத்தைக் குறைக்கும். 1797 அக்டோபர் 22-ல் பாரிஸில் கார்னெரன் பலூனிலிருந்து பட்டுக் குடையில் இறங்கியபோது, அது கோயில் மணி நாக்கு மாதிரி இப்படியும் அப்படியும் ஆடிற்றாம். உள்ளே அடைபட்ட காற்று விளிம்பு வழியாகத் தப்பித்ததுதான் காரணம். பின்னாளில் உச்சியில் ஒரு ஓட்டை விட்டார்கள், ஆட்டம் குறைந்தது.

அந்த வட்டக் குடையில் நம் ஆள் ஒருவரும் குதித்திருக்கிறார். 1941-ல் இந்திய ராணுவத்தில் பாராசூட் படை தொடங்கியபோது முதலில் குதித்த இந்தியர்கள் இரண்டு பேர். ஹவில்தார் மேஜர் மதுரா சிங் ஒருவர், டாக்டர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ் மற்றவர். இந்த ரங்கராஜ்தான் பின்னால் 60-வது பாராசூட் மருத்துவப் படையின் தலைவராகக் கொரியா போனவர். 1951 மார்ச் 23-ல் மூன்சான் என்ற இடத்தில் அமெரிக்கப் படையோடு சேர்ந்து, காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பதற்காகத் தம் ஆட்களுடன் வானத்திலிருந்து குதித்தார். மகாவீர் சக்கரம் வாங்கினார். நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கலாம்.

அவர்கள் காலத்துக் குடை சுமார் 28 அடி விட்டம். தரையைத் தொடும்போது வேகம் வினாடிக்கு ஐந்தாறு மீட்டர், அதாவது ஐந்தடி மதிலிலிருந்து குதிக்கிற மாதிரி. அதனால்தான் கால்களைச் சேர்த்து வைத்து, பாதம், கெண்டை, தொடை, இடுப்பு, முதுகு என்று உருண்டு விழப் பழக்குகிறார்கள். கணுக்கால் போனவர்கள் ஏராளம். போதாதற்குக் காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கேதான் இறங்க முடியும். ஆரல்வாய்மொழிக் காற்றில் குடை விரித்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சதுரக் குடை வேறு ஜாதி. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக்கில் பிறந்த டொமினா ஜல்பெர்ட் என்ற பட்டம் செய்கிறவர் 1964-ல் கண்டுபிடித்தது. மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவில் வரிசையாகத் தடுப்புகள். முன்பக்கம் திறப்பு, பின்பக்கம் தையல். காற்று உள்ளே புகுந்து உப்பியதும் விமானத்தின் இறக்கை வடிவம் வந்துவிடும். ஒரு அடி இறங்குவதற்குள் இரண்டு மூன்று அடி முன்னால் போகும். வட்டக் குடை அலையில் மிதக்கிற கட்டை என்றால், இது பாய் கட்டிய கட்டுமரம். இரண்டு கயிறுகளையும் கடைசி நேரத்தில் சேர்த்து இழுத்தால் வேகம் அடங்கும். மாடிப்படியிலிருந்து இறங்குவதுபோல நடந்து இறங்கலாம்.

ஆனால் முதலில் வந்த சதுரக் குடைகள் படாரென்று விரிந்து ஆளை உலுக்கி எடுத்தன. கயிறுகளை ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே வழுகும் ஒரு சிறு துணியைச் சேர்த்த பிறகுதான் அது மனிதன் போட்டுக்கொள்ளத் தக்கதாயிற்று. துணியும் மாறியது. பழைய நைலானில் வாய் வைத்து ஊதினால் கொஞ்சம் காற்று மறுபக்கம் போகும். பல நூறு தடவை குதித்த பிறகு நைந்த வேட்டி மாதிரி ஆகிவிடும். கயிற்றை இழுத்தாலும் வேகம் அடங்காது, தரை வந்து மோதும். 1980-களின் கடைசியில் வந்த புதுத் துணி காற்றே விடாது. அந்தத் துணியில் சின்னச் சின்னக் குடைகள் வந்தன, வேகமும் கூடியது. இன்று இந்த விளையாட்டில் சாகிறவர்களில் கணிசமான பேர், நன்றாக விரிந்த, ஒரு பழுதும் இல்லாத குடையின் கீழேதான் சாகிறார்கள். தரைக்குப் பக்கத்தில் வேகமாகத் திருப்பியதுதான் காரணம். வட்டக் குடையில் அப்படிச் சாக முடியாது, அது திரும்பினால்தானே!

நண்பர் கேட்ட பட்டாளத்து விஷயத்துக்கு வருகிறேன். 1971 டிசம்பர் 11-ல் தாங்காயிலில் நம் பாராசூட் பட்டாலியன் ஒன்று முழுக்கக் குதித்தது. அப்படி நூற்றுக்கணக்கான பேர் ஆயிரம் அடி உயரத்திலிருந்து ஒரே நேரத்தில் குதிக்கும்போது, ஆளாளுக்கு ஒரு பக்கம் பறக்கிற இறக்கையைக் கொடுத்தால் வானத்திலேயே முட்டிக்கொள்வார்கள். வட்டக் குடையில் எல்லாரையும் காற்று ஒரே திசையில், ஒரே வேகத்தில் தள்ளும். அதில் பயிற்சியும் குறைவு. அமெரிக்கர்கள் தங்கள் பழைய வட்டக் குடையை மாற்றி டி-11 கொண்டுவந்தபோதுகூட இறக்கைக்குப் போகவில்லை. சிலுவை வடிவத்தில் இன்னும் மெதுவாக இறங்குகிற ஒன்றைத்தான் செய்தார்கள்.

விலைப் பத்தியையும் விடக் கூடாது. பர்மா யுத்தத்தில் தளபதி ஸ்லிமுக்குப் பட்டு பாராசூட் கிடைக்கவில்லை. கல்கத்தா சணல் ஆலைகளில் சாக்குத் துணியிலேயே பாராசூட் தைக்கச் சொன்னார். பட்டின் திறமையில் 85 சதவீதம், விலையோ இருபது பவுனுக்குப் பதில் ஒரு பவுன். மனிதர்களை இறக்க இல்லை, அரிசி மூட்டைக்கும் தோட்டாவுக்கும். என் மேஜைக்கு அந்தக் கோப்பு வந்திருந்தால் யோசிக்காமல் பரிந்துரைத்திருப்பேன்.

நம் மாவட்ட எல்லைக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் எஞ்சின் சோதிக்கிறார்களே, அந்த ககன்யான் விண்கலம் கடலில் இறங்கப்போவதும் வட்டக் குடைகளில்தான். பெரிய குடைகள் மூன்று, அதில் இரண்டு விரிந்தாலே போதும். 2025 ஆகஸ்ட் 24-ல் ஹெலிகாப்டரிலிருந்து மாதிரிக் கலத்தைப் போட்டுச் சோதித்தார்கள். குடை ஆக்ராவில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தில் உருவானது. அதே கூடம் பங்கெடுத்துச் செய்த இன்னொரு பாராசூட்டில் அந்த அக்டோபரிலேயே நம் விமானப்படை வீரர்கள் 32,000 அடியிலிருந்து குதித்தார்கள். அது இறக்கை.