உழவு மழையும் மில்லிமீட்டரும்

2016இல் தென்மேற்குப் பருவமழை நாடு முழுமைக்கும் சராசரியில் 97 விழுக்காடு பெய்தது. வானிலைக் கணக்கில் அது இயல்பான பருவம். அதே ஆண்டு வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் 440 மில்லிமீட்டரில் 168தான் கிடைத்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. இரண்டு கணக்கும் சரியானவையே. எந்த நிலத்துக்கு, எந்த மாதங்களைக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் வறட்சி கண்ணில் படுகிறது. வெறும் மொத்தத் தொகையை நம்பினால் அது தப்பிவிடும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. களஞ்சியத்தில் ஒரு முழ வாயகலப் பாத்திரம் வைத்து மழையை அளக்கச் சொன்ன அர்த்தசாத்திரம், வறண்ட நிலத்துக்கு 16 துரோணம் (பழைய முகத்தல் அளவு), நீர்வள நிலத்துக்கு அதில் ஒன்றரை மடங்கு என்று பிரித்தது. மழைக்காலத்தின் முதல் மாதத்திலும் கடைசி மாதத்திலும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கும், நடு இரு மாதங்களில் மீதியும் பெய்தால்தான் நல்ல மழை என்றது. நம் மானாவாரி உழவர்களின் ‘ஒரு உழவு மழை’ இன்னும் நுட்பமானது. கொழு கிளறிய மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கவேண்டும். புழுதியாக உதிர்ந்தால் பெய்தது போதாது. வானத்திலிருந்து விழுந்ததை விட்டுவிட்டு, மண்ணில் தங்கியதை அளக்கும் முறை இது. ஊருக்கு ஊர் மண் மாறும்போது இந்த அளவும் மாறுமே, இரண்டு ஊர்களை எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒப்பிட முடிந்ததுதான் மழைமானியின் பெரும் பலம். அந்த ஒப்பீட்டைச் செய்யும் இந்திய வானிலைத் துறை 1875இல் தோன்றியது. மறு ஆண்டே சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் மூண்டது. பிற்பாடு அத்துறை வகுத்த விதி எளிது: சராசரியைவிட 26 முதல் 50 விழுக்காடு குறைந்தால் மிதமான வறட்சி, அதற்கு மேல் கடும் வறட்சி.

எளிமையே இந்த விதியின் குறை. ஆண்டுக்கு ஆண்டு மழை தாறுமாறாக மாறும் இடத்தில் 30 விழுக்காடு குறைவது அடிக்கடி நடக்கும். சீராகப் பெய்யும் இடத்தில் அதே குறைவு பேரிடி. 1993இல் அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீ, டோஸ்கன், கிளைஸ்ட் மூவரும் தந்த தரப்படுத்திய மழைக் குறியீடு இதைத்தான் சரிசெய்தது. அந்தந்த இடத்தின் பல்லாண்டுப் பதிவோடு ஒப்பிட்டு, இந்தக் குறைவு எவ்வளவு அரிது என்று அது சொல்கிறது: பூஜ்யம் என்றால் வழக்கம்போல், மைனஸ் 2 என்றால் மிகக் கடுமை. மூன்று மாதத்துக்குக் கணக்கிட்டால் பயிரின் நிலையும், பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் ஏரி, கிணற்றின் நிலையும் ஓரளவு தெரியும். வெயிலையும் ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சுவதையும் மழைக்கணக்கு காட்டாதே என்பவர்கள் சொல்வது உண்மை. ஆனால் மழைக்கு நூறாண்டுப் பதிவு நம்மிடம் இருக்கிறது. முதல் எச்சரிக்கை அதிலிருந்துதான் வரமுடியும்.

மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு வறட்சிக் கையேடு, மூன்று நான்கு வாரம் தொடர்ந்து வாரமழை வழக்கத்தில் பாதிக்கும் கீழே போவதையும் அடையாளமாக ஏற்றுக்கொண்டது. அதைப் பயன்படுத்த வேண்டும். ஐப்பசியில் விதைத்தவன் வானத்தைப் பார்த்து நிற்கும்போது, மார்கழிக் கூட்டுத்தொகை வரட்டும் என்று அவனைக் காக்கவைக்கக் கூடாது.