பழைய கணினியும் புதிய வன்தட்டும்

நேயர்களே, 1990களில் பலரை வாட்டிய புதிர் ஒன்றைக் கூறுகின்றேன். பழைய கணினியில் பெரியதொரு புதிய வன்தட்டைப் பொருத்துவர். வடம் பொருந்தும், தட்டும் சுழலும். கணினியோ 528 மெகாபைட்டு மட்டுமே உளதென்று சாதிக்கும். எஞ்சிய இடம் எங்கே?

தட்டில் ஓரிடத்தைச் சுட்ட அந்நாளில் உருளை, தலை, கூறு என மூன்று எண்கள் வேண்டும். ஊர், தெரு, வீட்டு இலக்கம் போல. கணினியின் அடிப்படை நிரலாகிய பயாஸ் 1024 உருளை, 256 தலை, 63 கூறு வரை எண்ணும். தட்டை இணைக்கும் ஐ.டி.இ. முறையோ 65,536 உருளைகளையும் 255 கூறுகளையும் ஏற்கும். தலைகள் மட்டும் 16. தனித்து நின்றால் முன்னது 8 கிகாபைட்டுக்கு மேலும், பின்னது 136 கிகாபைட்டும் ஆளும். இரண்டும் கூடியபோதோ ஒவ்வோர் எண்ணிலும் சிறியதே நின்றது: 1024, 16, 63. கூறொன்றுக்கு 512 பைட்டு, பெருக்கிப் பாருங்கள்.

வகுத்தவர்களை நான் குறைகூறேன். 1984இல் ஐ.பி.எம். ஏ.டி. கணினியோடு வந்த தட்டு 20 மெகாபைட்டே அன்றோ!

பின்னர் வந்த பயாஸ்கள் உருளையைக் குறைத்துத் தலையைக் கூட்டிச் சொல்லும் பொய்க்கணக்கால் தப்பின. ஆனால் எல்லாக் கணினிகளும் ஒரே பொய்யைச் சொல்லவில்லை. தட்டை வேறு கணினிக்கு மாற்றிய வணிகர் ஒருவர், தம் கணக்கேடுகள் யாவும் குழம்பித் தோன்றக் கண்டு பரிதவித்ததை நான் அறிவேன். எழுத்துகள் அழியவில்லை, முன்னைய கணக்கை அமைத்தால் மீளும். அதற்குமுன் அத்தட்டில் புதிதாக எதையேனும் எழுதியிருந்தால், பழைய ஏடுகள் உண்மையிலேயே அழிந்திருக்கும்.