கோடும் கூடும்: மலையகத் தமிழர் வரலாற்றிற் படிவங்கள்

படிவம் ஒன்றை நிரப்புவோர் அதிலுள்ள வினாக்களை வாசிப்பரேயன்றி, அவ்வினாக்களைப் பிரித்துநிற்கும் கோடுகளை நோக்குவதில்லை. கண்ணுக்கு உதவியாக இடப்பட்ட அலங்காரம் என்றே பெரும்பாலோர் அவற்றைக் கருதுவர். ஆயினும் கோடு ஒன்றை மற்றொன்றினின்று பிரிக்கின்றது. எழுதக்கூடிய இடத்தை வரையறுக்கின்றது. எது முன், எது பின் என்னும் ஒழுங்கையும் நிறுவுகின்றது. இவை யாவும் படிவத்தை ஆக்கியவர் முன்னரே செய்துவிட்ட தீர்மானங்கள். நிரப்புபவர் அவற்றுக்கு உட்பட்டே எழுதுகின்றார். இதனைக் கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த மலைநாட்டையும் களமாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்டி மன்னர் ஆட்சியில் நிலவுடைமையும் அதற்குரிய இராசகாரியக் கடமையும் 'லேகம் மிட்டி' எனப்பட்ட ஏட்டுப் பதிவேடுகளிற் குறிக்கப்பட்டன. ஓலையோ நீண்டு ஒடுங்கியது. நார்வாக்கில் நேர்கோடு கிழிப்பின் பிளத்தற்கு ஏதுவானது. எனவே ஏட்டில் எழுதுவோன் கட்டங்களை நாடாது, இன்னாருக்கு இன்ன வயல், இன்ன கடமை எனத் தொடர்ந்து எழுதிச் சென்றான். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், ஓலையின் இடத்தைக் கடதாசியும் தொடர் எழுத்தின் இடத்தை நிரல் நிரையாக வகுத்த படிவமும் படிப்படியாகப் பெற்றன. அச்சுக்கூடத்தில் எழுத்துயரத்துக்கு வெட்டிய மெல்லிய பித்தளைத் தகடுகளை எழுத்துகளிடையே வைத்து இறுக்கிக் கோடுகள் அச்சிடப்பட்டன. நாற்புறமும் கோடு சூழ்ந்த இடத்துக்கு இலங்கையின் அலுவலக வழக்கில் 'கூடு' என்னும் பெயர் நிலைத்தது. பறவை தானே கட்டுவதும் கூடு; பிறர் அதனை அடைப்பதும் கூடு. படிவத்தின் கூடு இவற்றுள் எவ்வகையினது என்பதை வரலாறே காட்டும்.

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். கோப்பியை இலைநோய் அழித்தபின் தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் வாழ்வைத் தோட்ட அலுவலகத்தில் நிர்ணயித்த ஏடு 'செக்ரோல்' ஆகும். தொழிலாளி ஒருவருக்கு ஒரு நிரை. மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிரல். இறுதியில் அரிசிக்கும் முற்பணத்துக்குமான கழிவுகள். பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்று, வேலைக்குச் சென்று, நிறுவையும் முடிந்தபின்னரே அன்றைய கூட்டில் 'பேர்' விழும். குறித்த அளவு வேலை முடியாவிடின் 'அரைப்பேர்' மட்டுமே. ஒரு நாளின் கூலிக்குப் 'பேர்' என்னும் சொல்லே வழங்கியமை சிந்தித்தற்குரியது. மனிதனின் பெயர், கூட்டினுள் எழுதப்படும் அளவையாகி, பாதியாகவும் வெட்டப்படக்கூடியதாயிற்று. அத்தொழிலாளி மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால் அவரது கடன்தொகையைக் குறித்த 'துண்டு' வேண்டியிருந்தது. கடனை ஏற்கும் தோட்டத்துக்கே அவர் செல்லலாம். இத்துண்டு முறை 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது.

தோட்டத்தின் கோடு இவ்வாறிருக்க, நாட்டின் கோட்டை நோக்குவோம். இலங்கையின் முதலாவது முறைசார்ந்த குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. 1911ஆம் ஆண்டு மதிப்பீட்டிலேயே இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பாகுபாடு தனித்தனி நிரல்களாகத் தோன்றிற்று. சிங்களவரும் கண்டிச் சிங்களவர், கரைநாட்டுச் சிங்களவர் என இரு கூறாக எண்ணப்பட்டனர். ஆனால் 1981ஆம் ஆண்டு மதிப்பீட்டில் சிங்களவரிடையே இருந்த கோடு அழிக்கப்பட்டது. தமிழரிடையே இருந்த கோடு எஞ்சிற்று. எக்கோட்டை வைத்திருப்பது, எதனை நீக்குவது என்பது அச்சுக்கலைஞரின் விருப்பமன்று. அது அரசியல் தீர்மானம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அக்கோட்டின் முழுவிளைவு சுதந்திரத்தின் பின்னரே வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அடுத்த ஆண்டு நிறைவேறிய இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், விண்ணப்பத்தின் மூலம் குடியுரிமை பெறலாம் என்றது. ஆயின் 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானோர் 7 ஆண்டுகளும் மணமாகாதோர் 10 ஆண்டுகளும் இடையறாது வதிந்தமையை நிறுவவேண்டியிருந்தது. தோட்ட லயத்தில் வாழ்ந்தவருக்குச் செக்ரோலும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் போன்ற ஏடுகளே சான்று. கூலி கணக்கிடுவதற்காகப் பிறர் எழுதிய கூடுகள், ஒருவர் இந்நாட்டவரா என்பதைத் தீர்மானிக்கும் சாட்சிகளாயின. தந்தையின் பெயரை முன்னிட்டு வழங்கும் தமிழ் மரபுக்கும், குடும்பப்பெயருக்கு வேறு கூடு ஒதுக்கும் ஆங்கில மரபுக்கும் பொருத்தமில்லை. ஒரேயாளின் பெயர் ஓர் ஏட்டில் ஒருவாறும் மற்றதில் வேறொருவாறும் அமைதல் எளிது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் சென்றன. குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே.

1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் எஞ்சியோரை 9,75,000 எனக் கணித்து, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிகுதி 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயம் அக்காலத்தில் மலையகக் குடும்பங்கள் படிவங்களுடன் நாடிச்சென்ற இடமாயிற்று. ஒரு குடும்பத்தினுள்ளேயே ஒருவர் கோட்டின் இப்பாலும் மற்றவர் அப்பாலும் ஆன துயரை மலையக இலக்கியம் நன்கறியும். நாடற்றோர் நிலை 1986, 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களினாற் படிப்படியாக முடிவுக்கு வந்தது.

2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 'இந்தியத் தமிழர்' என்பதன் அருகே ஒரு சாய்கோடு இட்டு 'மலையகத் தமிழர்' என்னும் பெயரும் இடம்பெற்றது. முன்னைய கோடுகள் மேலிருந்து வரையப்பட்டவை. இச்சாய்கோடோ, தம்மைத் தாமே பெயரிட்டழைக்க விரும்பிய மக்களின் நெடுங்கால வேண்டுகோளின் பயன். அதுவும் முழுநிறைவான தீர்வன்று. பழைய பெயர் நீங்காது உடனிருக்கின்றது. எனினும், கூட்டினுள் இருப்பவர் கூட்டின் சுவரை அசைத்தமைக்கு அது சான்று.

இன்று படிவங்களைக் கணினியே ஆக்குகின்றது. மூன்று சிறுகோடுகளைத் தட்டிச் செலுத்துவிசையை அழுத்தினால், தாளின் குறுக்கே முழுக்கோடு தானாக ஓடும் மென்பொருள்கள் உள. பித்தளைத் தகட்டை வெட்டி இறுக்கியவர் செலவிட்ட உழைப்பும் அவ்வேளையில் எழக்கூடிய சிந்தனையும் இப்போது தேவைப்படுவதில்லை. பல்கலைக்கழகத்தினின்று வெளியேறும் நம்முட் பலர் கச்சேரிகளிலும் வங்கிகளிலும் பாடசாலைகளிலும் படிவங்களை ஆக்கும் நிலையை அடைவர். எதற்கும் எதற்கும் இடையிற் கோடிடுகின்றோம், எப்பெயருக்கு எவ்வளவு இடம் விடுகின்றோம், எக்கூட்டினுள்ளும் அடங்காதவர் எங்கே எழுதுவார் என்னும் வினாக்களை எழுப்பிய பின்னரே அவர்கள் அவ்விசையை அழுத்துதல் வேண்டும். மலைநாட்டின் வரலாறு கற்பிக்கும் பாடம் அதுவே.