சுழலும் தட்டும் சயாம் தண்டவாளமும்



கடந்த பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரில் மூன்று நாள் பயிற்சிப் பட்டறை. (அங்கே கற்றதை வேறொரு நாள் எழுதுகிறேன்.) இரண்டாம் நாள் மதியம், அருகிலிருந்த பேரங்காடியின் ஜப்பானிய உணவகத்தில் தனியாக அமர்ந்து உண்டுகொண்டிருந்தேன். அவ்வழியே வந்த முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் என்னைக் கண்டு நின்றுவிட்டார். “என்ன டீச்சர், தனியாவா சாப்பிடுறீங்க? யாரும் வரலையா?” என்றார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. நம்மவரிடையே ஒரு பெண் தனியே உணவகத்தில் அமர்ந்தால் வீட்டில் ஏதோ சண்டை என்றுதான் பொருள்! “பயிற்சிக்கு வந்தேன்மா” என்று கூறி அவரை அனுப்பி வைத்தேன்.

ஆனால் நான் அமர்ந்திருந்த நாற்காலி, தனியாக வருபவருக்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த நாற்காலி நம் நாட்டுப் பேரங்காடிக்கு வந்து சேர்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. இவ்விரண்டிற்கும் நடுவே, நம் பிள்ளைகள் அறியாத மூன்றாவது வரலாறு ஒன்றும் கிடக்கிறது. அதற்காகவே இக்கட்டுரை.

இன்றைய தோக்கியோ நகரின் பழைய பெயர் எடோ. பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் வாழ்ந்த பெருநகரம் அது. 1721ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரப் பொதுமக்களுள் ஏறக்குறைய மூவரில் இருவர் ஆண்கள். தச்சர், சுமைகூலிகள், கடைச் சிப்பந்திகள் என நாட்டுப்புறங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களிடையே மிகுதி. சமைத்துப் போட வீட்டில் ஆளில்லாத அவர்களுக்காகத் தெருவோரத் தள்ளுவண்டிக் கடைகள் பெருகின. நின்றபடியே இரண்டு வாய் உண்டுவிட்டு வேலைக்கு ஓடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காடிச் சோற்றைக் கையால் பிடித்து அதன்மேல் மீன் துண்டை வைத்துத் தரும் சூஷி இக்கடைகளில்தான் புகழ்பெற்றது. ஹனாயா யோஹேய் என்பவரின் பெயரை அதனோடு சேர்த்துச் சொல்வர். இன்று நாம் நாகரிகத்தின் அடையாளமாகக் கருதும் உணவு, அன்று கூலிக்காரனின் அவசரப் பசிக்கான உணவு.

சுழலும் தட்டு பிற்பாடு வந்தது. ஒசாக்கா நகரையொட்டிய தொழிற்சாலைப் பகுதியில் ஷிராயிஷி யோஷியாக்கி என்பவர் சிறு உணவுக்கடை நடத்திவந்தார். தொழிலாளர் கூட்டம் அலைமோதியது. பரிமாற ஆள் கிடைக்கவில்லை. மதுபானத் தொழிற்சாலை ஒன்றில் புட்டிகள் நகரும் பட்டையில் வரிசையாகச் செல்வதைக் கண்ட அவருக்கு, தட்டுகளையும் அப்படி ஓட விட்டால் என்ன என்று தோன்றியது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1958இல் முதல் சுழல் சூஷிக் கடையைத் திறந்தார். பட்டை வினாடிக்கு 8 சென்டிமீட்டர் நகர வேண்டும் என்று கணக்கிட்டார். அதனினும் விரைந்தால் தட்டை எடுக்க இயலாது. மெதுவானால் உண்பவருக்குப் பொறுமை போய்விடும். 1970ஆம் ஆண்டு ஒசாக்கா உலகக் கண்காட்சியில் இம்முறை பெரும்புகழ் அடைந்தது.

தனியாக வருபவருக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். யாரையும் அழைக்க வேண்டியதில்லை. ஒற்றைத் தட்டு எடுத்தாலும் முகம் சுளிப்பாரில்லை. தட்டின் நிறமே விலையைச் சொல்லிவிடும். இறுதியில் அடுக்கிய தட்டுகளை எண்ணினால் கணக்கு முடிந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குப் பெருக்கல் கற்பிக்க இதைவிடச் சிறந்த பயிற்றுத் துணைப்பொருள் கிடைப்பது அரிது.

மரக்கறி உண்ணும் பெற்றோருக்காக ஒரு சொல். வெள்ளரிக்காய் வைத்துச் சுருட்டிய சூஷியும் இனிப்புத் தோஃபு பை சூஷியும் மரக்கறி போலத் தோன்றும். ஆனால் அந்தத் தோஃபுவையும் மிசோ சூப்பையும் பெரும்பாலும் உலர்ந்த சூரை மீனின் சாற்றில்தான் ஆக்குவார்கள். நம்மவர் அறிந்த மாசிக் கருவாட்டின் நெருங்கிய உறவு அது. கேட்டுவிட்டு உண்பது நல்லது.

இனி, இந்த நாற்காலி நம் நாட்டிற்கு வந்த கதை. 1982இல் அன்றைய பிரதமர் மகாதீர் ‘கிழக்கு நோக்கும் கொள்கை’யை அறிவித்தார். ஜப்பானியரின் உழைப்பையும் ஒழுங்கையும் கண்டு பழகுமாறு மாணவர்களும் பயிற்சியாளர்களும் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டனர். மிட்சுபிஷியின் துணையோடு 1985இல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. நாட்டின் சில்லறை வணிகத்தை நவீனப்படுத்த வாருங்கள் என்று பிரதமர் விடுத்த அழைப்பை ஏற்று, 1984இல் ஜஸ்கோ நிறுவனம் இங்கே பதிவானது. இன்று ஏயோன் என்ற பெயரில் நாம் காண்பது அதுவே. பேரங்காடிகளோடு ஜப்பானிய உணவும் பரவியது. 1995இல் தொடங்கிய சூஷி கிங் போன்ற உணவகங்கள், நகரத்து மேல்தட்டினர் மட்டுமே அறிந்திருந்த சுவையைச் சிற்றூர்ப் பேரங்காடி வரை கொண்டு சென்றன. இப்போது என் வகுப்பில் பிறந்தநாளுக்கு எங்கே போனாய் என்று கேட்டால், இருவராவது “சூஷி சாப்பிட்டோம் டீச்சர்” என்பார்கள்.

என் பாட்டிக்கு இது விளங்காது. பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். அவரைப் பொறுத்தவரை ஜப்பானும் சோறும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பதம். ‘ஜப்பான்காரன் காலம்’ என்றால் சோறில்லாத காலம்.

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரும், பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தன. கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்தள்ளப்பட்டுத் தோக்கியோ நேரம் நடைமுறைக்கு வந்தது. பள்ளிகளில் நிப்போங்கோ கற்பிக்கப்பட்டது. மாணவர்கள் பேரரசரின் அரண்மனை இருந்த திசை நோக்கி வணங்க வேண்டியிருந்தது. (நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கிழக்கே நோக்கச் சொன்னபோது, முதியவர்கள் சிலர் கசப்போடு சிரித்ததற்குக் காரணம் இதுதான்.) போருக்கு முன் மலாயா தன் அரிசித் தேவையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து இறக்குமதி செய்துவந்தது. அவ்வரத்துத் தடைப்பட்டது. ரப்பருக்கும் சந்தையில்லை, தோட்டங்களில் வேலையில்லை. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்தனர். என் பாட்டி இறக்கும்வரை மரவள்ளிக்கிழங்கை வாயில் வைத்ததில்லை.

பசியினும் கொடியது சயாம் இரயில் பாதை. தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளப் பாதையை ஜப்பானிய இராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதனை உலகம் அறியும். அவர்களைப்போல் மூன்று மடங்குக்கும் குறையாத ஆசியத் தொழிலாளர்கள் அங்கே உழைத்தனர் என்பதைப் பலர் அறியார். மலாயாவிலிருந்து மட்டும் எழுபத்தைந்தாயிரம் பேருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டதாக மதிப்பீடு. அவர்களுள் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்ற ஆசை வார்த்தையை நம்பிச் சிலர் சென்றனர். ஆள் போதாதபோது வற்புறுத்தியும் பிடித்தும் ஏற்றினர். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது தமிழர் முகாம்களில் மருத்துவருமில்லை, மருந்துமில்லை. மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ தொண்ணூறாயிரம் என்பது பரவலான மதிப்பீடு. அதற்கும் கூடுதல் என்போரும் உளர்.

ஏன் மதிப்பீடு என்றே எழுத நேர்கிறது? பெயர்ப்பட்டியல் இல்லை. போர்க்கைதி ஒவ்வொருவருக்கும் படைப்பிரிவும் எண்ணும் இருந்தன. உடன் இருந்த அதிகாரிகள் இறப்பைக் குறித்து வைத்தனர். காஞ்சனபுரி போர்க்கல்லறையில் ஏறத்தாழ ஏழாயிரம் பேர் வரிசையாக உறங்குகின்றனர். நம்மவருக்குக் காடே கல்லறை. ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் 1957ஆம் ஆண்டுத் திரைப்படத்தைப் பார்த்தவர்கள் நினைவுகூரலாம். அதில் நம் தோட்டத் தொழிலாளியைக் காண முடியாது. அதன் மூலநாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயா ரப்பர்த் தோட்டங்களில் பணிபுரிந்தவர் என்பது வியப்பூட்டும் செய்தி. தமிழில் அக்குறையை நம் எழுத்தாளர்களே ஓரளவு நீக்கினர். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்களை ஆசிரியர்களாவது படித்திருக்க வேண்டும்.

இழப்பீடு என்னவாயிற்று என்று சிலர் கேட்பதுண்டு. 1967 செப்டம்பரில் மலேசியாவும் ஜப்பானும் ஓர் உடன்பாடு கண்டன. அன்றைய மதிப்பில் இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளிக்கு ஈடான உதவியை ஜப்பான் வழங்கியது. அது ரொக்கமாக வரவில்லை. நாட்டின் புதிய கப்பல் நிறுவனத்திற்கு இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்தது. பூங்கா ராயா, பூங்கா மெலோர் என்று அவற்றுக்கு மலர்ப்பெயர் சூட்டினர். நாட்டுக்குக் கப்பல் தேவைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் சயாமுக்குப் போய்த் திரும்பாதவனின் மனைவி, லயத்து வாசலில் அமர்ந்து எந்தக் கப்பலைப் பார்த்திருப்பாள்?

என் பாட்டியின் மூத்த அண்ணன் அவ்வாறு சென்றவர்களுள் ஒருவர். அவரைப் பற்றிப் பாட்டி அதிகம் பேசியதில்லை. வீட்டில் படமுமில்லை. இருந்தும் நான் சூஷி உண்கிறேன். ஒசாக்காவின் தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், எடோவின் சுமைகூலிக்கும், பேராக்கின் பால்மரத் தொழிலாளிக்கும் பசி ஒன்றுதான் என்பது என் எண்ணம். என்னைவிட மூத்த ஆசிரியர் ஒருவர் இதை ஏற்கவில்லை. “உங்க பாட்டி இருந்தா இப்படி எழுதுவீங்களாம்மா?” என்று கேட்டார். அவருடைய தந்தையார் சயாமிலிருந்து உயிரோடு திரும்பியவர். அவரிடம் நான் வாதாடவில்லை. வாதாடும் உரிமை எனக்கில்லை.

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு தாள் கொடுத்தனுப்பினேன். வீட்டு முதியவரிடம் கேட்டு எழுத நான்கே கட்டங்கள்: சயாமுக்குப் போனவர் பெயர், உறவுமுறை, எந்தத் தோட்டம், திரும்பினாரா. இருபத்தாறு தாள்களில் ஒன்பது நிரம்பி வந்தன. அவற்றுள் நான்கில் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. தோட்டத்தின் பெயர் மட்டும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. இவ்வாண்டும் அதே தாளை அனுப்புகிறேன். பெற்றோர்கள் தாத்தா பாட்டியிடம் ஒருமுறை கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். பெயர் தெரியாவிட்டால், அழைத்த பெயரையாவது எழுதுங்கள்.