மலையில் கேமரா எங்கே நின்றது?

இமாசலப் பிரதேசத்தில் எத்தனை பனிச்சிறுத்தைகள் வாழ்கின்றன என்ற கேள்விக்கு 2021இல் கிடைத்த விடை 51. மாநில வனத்துறையும் மைசூருவின் நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனும் பத்து இடங்களில் தானியங்கிக் கேமராக்களை நிறுத்தி, ஏறத்தாழ 26,112 சதுர கிலோமீட்டர் மலைநிலத்துக்குக் கண்ட மதிப்பு அது. புள்ளியியல் எல்லை 34 முதல் 73 வரை. அடர்த்தி 100 சதுர கிலோமீட்டருக்கு 0.08 முதல் 0.37 வரை இடத்துக்கு இடம் வேறுபட்டது. ஸ்பிதி, பின் பள்ளத்தாக்கு, மேல் கின்னௌர் போன்ற வறண்ட பகுதிகளில் கூடுதல். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடர்த்தி மிகுந்த பள்ளத்தாக்கில் மட்டும் கேமரா வைத்து, 0.37ஐ மொத்தப் பரப்புக்கும் விரித்திருந்தால் ஏறத்தாழ 97 என்று வந்திருக்கும். மிகக் குறைந்த இடத்தை மட்டும் நம்பியிருந்தால் 21. விலங்கும் கருவியும் கணிதமும் மாறவில்லை. கேமரா நின்ற இடம் மட்டுமே மாறியது.

ஆகவே மலைப்பகுதிக் கணக்கெடுப்பில் கேமராக்களை நிறுத்திய திட்டமே முதன்மைத் தரவு, படங்கள் அதற்கு அடுத்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். அத்திட்டத்தை அறிக்கையின் பின்னிணைப்பில் ஒதுக்கிவிட்டு எண்ணை மட்டும் முன்னே நிறுத்துவது அறிவியல் முறையாகாது.

இந்த வாதத்தின் பின்னணியைப் பெங்களூருவோடு சேர்த்துப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. காட்டு விலங்கைத் தானே படமெடுக்க வைக்கும் உத்தி பழையது. வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920களிலேயே இமயமலை அடிவாரக் காடுகளில் கம்பி இடறினால் இயங்கும் கேமராக்களைக் கொண்டு புலிகளைப் படமெடுத்தார். புலிக்குப் புலி வரிகள் வேறுபடுவதையும் கவனித்தார். ஆனால் அவர் செய்தது படமெடுத்தல், எண்ணுதல் அல்ல. இரண்டுக்கும் இடையே பாலம் போட்டவர், 1984இல் தொடங்கப்பட்ட, பெங்களூருவைச் சேர்ந்த வனவிலங்கு ஆய்வு மையத்தின் உல்லாஸ் கரந்த். நாகரஹொளேக் காட்டில் வைத்த கேமராக்களின் தரவைப் பிடி–மறுபிடி முறையில் பொருத்தி 1995இல் கட்டுரை வெளியிட்டார். 1998இல் புள்ளியியலாளர் ஜேம்ஸ் நிக்கல்ஸுடன் சேர்ந்து அதை வேறு சில காடுகளுக்கும் விரித்தார்.

அந்த முறையின் உயிர்நாடி எளியது. ஒரு புலி எந்தெந்த இரவு படத்தில் விழுந்தது, எந்தெந்த இரவு விழவில்லை என்று வரிசை எழுத வேண்டும். விழாத இரவுக்குப் பூஜ்யம். அந்த இரவுகளும் தரவே. அவற்றிலிருந்துதான் ‘இருந்தும் அகப்படாத’ வாய்ப்பைக் கணிக்க முடியும். அந்த வாய்ப்பு தெரிந்தால்தான் படத்தில் வராத புலிகளையும் கணக்கில் சேர்க்க முடியும். காலடித் தடங்களை அச்செடுத்து, ‘இது இன்ன புலி’ என்று அனுபவத்தால் அடையாளம் சொன்ன பழைய முறைக்கு இப்படி ஒரு பூஜ்யம் கிடையாது. தான் தவறவிட்டது எவ்வளவு என்று அது சொன்னதே இல்லை. சரிஸ்கா புலிகள் காப்பகத்தில் புலிகளே இல்லை என்பது 2005இல் தெரியவந்தபோது அந்த முறையின் மதிப்பும் சரிந்தது.

சமவெளிக் காட்டில் வளர்ந்த இந்தக் கணிதம் மலையேறும்போது மூன்று இடங்களில் தடுமாறுகிறது.

முதலாவது நிலத்தின் வடிவம். மலையில் விலங்கு எங்கும் நடப்பதில்லை. முகடு, கணவாய், ஓடை சேரும் இடம், சிறுநீர் தெளித்து வாசம் விட்டுப்போகும் தொங்குபாறை என்று சில வழிகளில்தான் போகிறது. கேமரா வைக்கப் போகிறவர்களும் அந்த இடங்களையே தேடுகிறார்கள். இல்லாவிட்டால் மாதக்கணக்கில் வெறும் பாறையும் அசையும் புல்லுமே படமாகும். வெப்ப வேறுபாட்டையும் அசைவையும் உணரும் கருவி வெயிலில் சூடேறிய பாறை முன்னால் ஏமாறுவது புதிதல்ல. நல்ல இடத்தில் வைப்பதில் தவறில்லை. இடத்தைச் சார்ந்து கணக்கிடும் புதிய மாதிரிகள் அதைத் தாங்கும். ஆனால் அவற்றின் எளிய வடிவம், ஒவ்வொரு விலங்குக்கும் ஒரு நடுப்புள்ளி உண்டென்றும் அதிலிருந்து எல்லாத் திசையிலும் தூரம் கூடக்கூடப் படத்தில் விழும் வாய்ப்பு ஒரே அளவில் குறையுமென்றும் கொள்கிறது. செங்குத்துப் பாறைக்கு அப்பால் 2 கிலோமீட்டரும், அதே முகட்டின் மேல் 2 கிலோமீட்டரும் ஒரு சிறுத்தைக்கு ஒன்றாகுமா? பரப்பும் வரைபடத்தில் தட்டையாகவே அளக்கப்படுகிறது. 45 பாகைச் சரிவில் உண்மையான தரைப்பரப்பு அதைப்போல 1.4 மடங்கு.

இரண்டாவது, ஆய்வாளரின் விருப்பம். குல்பூஷண்சிங் சூர்யவன்ஷியும் சக ஆய்வாளர்களும் 2019இல் உலகெங்கும் வெளியான பனிச்சிறுத்தை மதிப்பீடுகளைத் திரும்ப ஆராய்ந்தார்கள். ஆய்வுகள் பெரும்பாலும் சிறுத்தை மிகுந்த நல்ல வாழிடங்களையே பொறுக்கியெடுத்திருந்தன. அவை தொட்டதோ அதன் மொத்தப் பரவலில் மிகச் சிறு பகுதி. இது யாருடைய நேர்மையின்மையும் அல்ல. விலங்கு கிடைக்கும் இடத்துக்குத்தான் நிதியும் ஆய்வு மாணவரும் போகிறார்கள். ஆனால் அந்த எண்களைக் கூட்டி நாட்டுக்கும் உலகுக்கும் விரித்தால் சார்பும் சேர்ந்து விரிகிறது. இமாசல ஆய்வின் சிறப்பு இங்கேதான். விலங்கு இருப்பது குறித்து உள்ளூர் மக்களிடம் முன்பே கேட்டறிந்து, அந்த அடிப்படையில் மலைநிலத்தை வகைபிரித்து, வளம் குறைந்த வகைகளிலும் கேமரா வைத்தார்கள். ஸ்பிதியின் கிப்பர் கிராமத்து இளைஞர்கள் களப்பணியை முன்னின்று நடத்தினார்கள். 2024 ஜனவரியில் இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் என்று அறிவித்த தேசிய மதிப்பீட்டில் லடாக்கின் பங்கு மட்டும் 477. இவ்வளவு சமனற்ற பரவலில் இடத்தேர்வு பிசகினால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, கண். புலியின் வரியை இப்போது மென்பொருள் ஒப்பிட்டுத் தருகிறது. ஆனால் குளிர்கால அடர்மயிரில் பனிச்சிறுத்தையின் புள்ளிகள் மங்கிவிடும். உடல் திரும்பிய கோணத்தில் வடிவமும் மாறும். ஓர்யான் யோஹான்சன் குழுவினர் 2020இல் விலங்குக்காட்சிச் சாலைகளில் வளரும், அடையாளம் தெரிந்த சிறுத்தைகளின் படங்களை ஆய்வாளர்களிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். தவறு 12.5 விழுக்காடு, எண்ணிக்கை மிகை சராசரியாக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். காரணம் கவனிக்கத் தக்கது: இரண்டு விலங்குகளை ஒன்றாக்குவதைவிட ஒன்றை இரண்டாக்குவதே அதிகம் நடக்கிறது. அதாவது பிழைகள் ஒன்றையொன்று சரிக்கட்டுவதில்லை, ஒரே பக்கம் சாய்கின்றன.

இதற்கு வரும் மறுமொழி, படங்களின் பெருக்கம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்பது. 2018 தேசியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் நின்றன, சுமார் 3.49 கோடிப் படங்கள் விழுந்தன. கின்னஸ் புத்தகத்திலும் இடம் கிடைத்தது. பெருமைதான். ஆனால் கோணலாக வைத்த கேமராவை ஆயிரம் மடங்கு பெருக்கினால் கோணலும் உறுதிப்படுமே தவிர நிமிராது. அர்ஜுன் கோபாலசாமியும் பெங்களூரு இந்தியப் புள்ளியியல் கழகத்தின் மோகன் தேலம்பாடியும் கரந்த் உள்ளிட்டோருடன் சேர்ந்து 2015இல் எழுப்பிய கேள்வியும் இந்த வகையே: சில இடங்களில் கண்ட அடர்த்தியைத் தடயக் குறியீடுகளோடு பொருத்தி, அந்த உறவைப் பெருநிலப்பரப்புக்கு விரிப்பதில் எவ்வளவு நம்பகம் இருக்கிறது? அதன் பிறகு நடந்த விவாதம் கடுமையானது. அந்தக் கடுமை நல்லதென்றே நினைக்கிறேன்.

எல்லா விலங்குக்கும் கேமரா பொருந்தாது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடலில் தனிக்குறி இல்லாத மலையாடுகளான ஐபெக்ஸும் பரலும் வரையாடும் கேமராவில் விழுந்தாலும் ‘எது எது’ என்று பிரிக்க முடியாது. இமயத்தில் ஐபெக்ஸையும் பரலையும் இரண்டு பார்வையாளர் தனித்தனியே எண்ணி, இருவரும் கண்டது, ஒருவர் மட்டும் கண்டது என்று பிரித்து, இருவரும் தவறவிட்டதைக் கணிக்கிறார்கள். நடைப்பயணமும் தொலைநோக்கியுமே அங்கே கருவி.

கேமரா நின்ற இடங்களை வெளியிட்டால் வேட்டைக்காரருக்கு வழி காட்டியதாகும் என்பது நியாயமான அச்சம். ஆனால் ஆய்வை மதிப்பிட அட்சரேகை, தீர்க்கரேகை தேவையில்லை. உயர வகுப்பு, வாழிட வகை, கேமராக்களுக்கு இடையிலான தூரம், முகட்டில் எத்தனை, சரிவில் எத்தனை, ஒவ்வொன்றும் இயங்கிய இரவுகள், யானை உடைத்தோ பனி மூடியோ இழந்த இரவுகள், அடையாளத்தை எத்தனை பேர் தனித்தனியே சரிபார்த்தார்கள் என்ற குறிப்பு ஆகியவை போதும். இவற்றில் எதுவும் ஒரு சிறுத்தையின் குகையைக் காட்டிக்கொடுக்காது.

பெங்களூருவுக்குத் தெற்கே இத்தகைய திட்டக் குறிப்புகளின் தேவை உடனடியானது. பன்னேருகட்டாவிலிருந்து கர்நாடகக் காவிரி சரணாலயம், மாதேஸ்வரன் மலை வழியாகச் சத்தியமங்கலம் வரை குன்றுகள் தொடர்கின்றன. 2022இல் தமிழ்நாடு அறிவித்த காவிரி தெற்குச் சரணாலயமும் இந்தத் தொடரைச் சேர்ந்தது. இங்கே வாழும் சாதாரணச் சிறுத்தைக்கு மாநில எல்லை தெரியாது. இரு பக்கமும் தனித்தனியே கேமரா வைத்துத் தனித்தனியே எண்ணினால் எல்லையோரச் சிறுத்தை இரண்டு பட்டியலிலும் ஏறும். இரு மாநில வனத்துறைகளும் ஒரே பருவத்தில் ஒரே இடைவெளியில் கேமராக்களை நிறுத்தி, விலாப் படங்களை ஒரே கோப்பில் ஒப்பிட்டு, மேலே சொன்ன குறிப்புகளோடு வெளியிடுவதுதான் அடுத்த கணக்கெடுப்புக்கு முன் முடிவு செய்ய வேண்டியது.